கோழி வைரஸால் எலிக்குக் கட்டி, ஆனால் கட்டிக்குள் வைரஸைக் காணோம்

#1 தேடல்தீரா (இழையைத் தொடங்கியவர்)

வைராலஜி படிக்கும்போது ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக முழிக்கிறேன்.

ரவுஸ் சார்க்கோமா வைரஸ் கோழியின் வைரஸ். கோழிக்கு அதனால் கட்டி வருகிறது, புரிகிறது. அதையே பிறந்த எலிக்குட்டிக்கும் ஹாம்ஸ்டருக்கும் ஊசியில் ஏற்றினால் அங்கேயும் சார்க்கோமா (தசை, நார்த்திசு போன்றவற்றில் வரும் புற்றுக்கட்டி) வருகிறதாம். ஆனால் அந்தக் கட்டியை அரைத்து, வடிகட்டி, வடிநீரை இன்னொரு எலிக்கோ கோழிக்கோ போட்டால் ஒன்றும் ஆவதில்லை. வைரஸ் கிடைப்பதே இல்லை.

என் கேள்விகள் இரண்டு. வைரஸ் எலிக்குள் பெருகவே இல்லை என்றால் கட்டி எப்படி வளர்கிறது? கட்டிக்குள் வைரஸைக் காட்ட முடியாதபோது, வைரஸ்தான் காரணம் என்று எந்தத் தைரியத்தில் எழுதினார்கள்?

பாடநூலில் இதற்கு மூன்று வரிதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.


#2 மின்னல்வேகன்

ரொம்ப யோசிக்காதீங்க. அந்தக் காலத்தில் கோழிக் கட்டியையே அரைத்து எலிக்குட்டிக்குள் ஏற்றினார்கள். உள்ளே போனது கோழி செல், வளர்ந்ததும் கோழி செல். எலி வெறும் தொட்டி. பிறந்த குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது என்பதால் அந்நிய செல்லைத் தள்ளவில்லை. கதை முடிந்தது.


#3 பழையகூண்டு

மின்னல்வேகன் தம்பி, கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் உங்கள் சந்தேகம் தப்பில்லை. அன்றைக்கு இருந்தவர்களுக்கும் முதலில் வந்த சந்தேகம் அதுதான்.

அதை அடித்தது குரோமோசோம் எண்ணிக்கை. எலிக்கு 42, கோழிக்கு 78. எண்ணிக்கையை விடத் தோற்றம்தான் முக்கியம். கோழியின் குரோமோசோம்களைக் கண்ணாடித் தகட்டில் விரித்துப் பார்த்தால் நாலைந்து பெரிய துண்டுகள், சுற்றிலும் மிளகுத்தூள் கொட்டியதுபோல் ஏகப்பட்ட பொடிசுகள் தெரியும். எலியில் அந்தப் பொடிசுகளே கிடையாது. ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் வாழ்நாளுக்கும் குழம்ப மாட்டார். எலிக் கட்டியின் செல்கள் எலி செல்கள்தான். கோழியிலிருந்து வந்தது செல் அல்ல, வேறு ஏதோ.

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்துக்கு ஒரு பிளிமத் ராக் கோழி வந்து சேர்ந்தது, நெஞ்சில் கட்டியோடு. பெய்ட்டன் ரவுஸ் அதை மற்றக் கோழிகளுக்கு மாற்றி வளர்த்தார். அதே வளர்ப்புக் கூட்டத்துக் கோழிகளில் மட்டுமே பிடித்தது. பிறகு கட்டியை அரைத்து, பாக்டீரியாவே போக முடியாத வடிகட்டியில் வடித்து, செல் எதுவும் இல்லாத அந்த நீரை ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. 1911-ல் வெளியிட்டார். அதற்கு மூன்று வருடம் முன்பே கோபன்ஹேகனில் எல்லர்மன், பாங் இருவரும் கோழியின் ரத்தப்புற்றை வடிநீரால் கடத்திக் காட்டியிருந்தார்கள். ரத்தப்புற்றை அப்போது புற்றின் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ரவுஸுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். அவருக்கு நோபல் கிடைத்தது 1966-ல், 87 வயதில். இடைப்பட்ட 55 ஆண்டும் பலர் சொன்ன ஒரே சமாதானம்: இது பறவைச் சமாச்சாரம், பாலூட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தச் சுவரில் விரிசல் விட்டது 1957-ல், சோவியத் ஒன்றியத்தில். ஸில்பர், கிர்யூகோவா ஒரு பக்கம், ஸ்வெத்-மோல்தாவ்ஸ்கி ஒரு பக்கம். கருவிலோ பிறந்தவுடனோ எலிகளுக்கு ரவுஸ் வைரஸை ஏற்றினார்கள். முதலில் பார்த்தது கட்டி அல்ல. உள்ளுறுப்புகளில் ரத்தக்கசிவு, நீர்க்கொப்புளங்கள். அடுத்த வருடம் ஸ்வெத்-மோல்தாவ்ஸ்கி எலியில் சார்க்கோமாவையே அறிவித்தார். 1962-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆல்ஸ்ட்ரம் குழு ஹாம்ஸ்டரில் கட்டி வரவைத்தது. சுண்டெலியிலும் வந்தது. குரங்கிலும் வந்ததாக அடுத்த வருடமே கட்டுரை.

எக்ஸ்.சி. என்ற எலிக் கட்டியைப் பற்றி நுண்ணோக்கி மேடம் எழுதினால் நன்றாயிருக்கும். அவர்கள் அந்தச் செல்லை வளர்த்தவர்கள்.


#4 மின்னல்வேகன்

சரி அண்ணா, குரோமோசோம் விஷயத்தில் நான் அவுட். ஒத்துக்கொள்கிறேன்.


#5 நுண்ணோக்கி

கூப்பிட்டதற்கு நன்றி பழையகூண்டு ஐயா. தேடல்தீரா, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் நேரே போகிறேன். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை அது.

பிராகில் யான் ஸ்வோபோதா என்று இளைஞர் ஒருவர். பிறந்த எலிகளுக்குக் கோழிச் சார்க்கோமாவை ஏற்றினார். எலி வளர்ந்தபின் ஒன்றில் கட்டி வந்தது. அந்தக் கட்டிக்கு எக்ஸ்.சி. என்று பெயர். அதை எலியிலிருந்து எலிக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். கட்டியை அரைத்து வடித்துத் தேடினால் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு வைரஸ் துகளும் கிடைக்கவில்லை.

எல்லோரும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவர் உயிருள்ள எக்ஸ்.சி. செல்களை எடுத்துக் கோழிக்கு ஏற்றினார். கோழிக்குச் சார்க்கோமா வந்தது! அந்தக் கோழிக் கட்டியை அரைத்து வடித்தால் பழைய ரவுஸ் வைரஸ் சர்வ சாதாரணமாக வந்து நிற்கிறது. 1960-ல் வெளியான வேலை.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். செத்த செல்லில் வைரஸ் இல்லை. சாற்றில் இல்லை. உயிருள்ள எலி செல் கோழிக்குள் போனால் மட்டும் வைரஸ் வெளியே வருகிறது. அப்படியென்றால் வைரஸ் துகளாக அங்கே இல்லை, ஆனால் வைரஸைச் செய்வதற்கான குறிப்பு முழுக்க அங்கே இருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் அந்தக் குறிப்பும் பிரதி எடுக்கப்பட்டு இரண்டு மகள் செல்லுக்கும் போகிறது. செல்லில் அப்படிப் பிரதியாகும் பொருள் எது? குரோமோசோம்.

பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களில் சில தம் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டுத் தூங்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஸ்வோபோதா அந்தத் திசையில்தான் யோசித்தார். சிக்கல் என்னவென்றால் ரவுஸ் வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. அது எப்படிக் குரோமோசோமில் உட்காரும்?

அமெரிக்காவில் ஹோவர்ட் டெமின் வேறு வழியாக வந்து அதே இடத்தில் நின்றார். வைரஸ் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறிச் செல்லுக்குள் தங்குகிறது என்று 1964-ல் சொன்னார். அப்போது பெரும்பாலோர் நம்பவில்லை. 1970-ல் டெமினும் மிசுதானியும் ரவுஸ் வைரஸிலும், டேவிட் பால்டிமோர் தனியாகச் சுண்டெலி லுகேமியா வைரஸிலும் அதைச் செய்யும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1975-ல் நோபல். பிறகு எய்ட்ஸ் வைரஸைப் புரிந்துகொள்ள உதவிய நொதியும் இதே குடும்பம்தான்.

ஸ்வோபோதாவுக்கு நோபல் இல்லை. எனக்கு அதில் இன்றைக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு.


#6 கணக்குப்புலி

எனக்கு உயிரியல் தெரியாது, புள்ளிவிவரம்தான் பிழைப்பு. ஆனாலும் ஒரு இடறல்.

> சாற்றில் இல்லை. உயிருள்ள எலி செல் கோழிக்குள் போனால் மட்டும் வைரஸ் வெளியே வருகிறது.

"இல்லை" என்பதும் "நம்மால் பிடிக்க முடியவில்லை" என்பதும் ஒன்றல்லவே? லட்சம் எலி செல்லில் பத்துச் செல்லில் மட்டும் வைரஸ் ஒட்டிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். சாறெடுக்கும்போது அது அழிந்துபோகலாம். உயிருள்ள செல்லோடு போகும்போது கோழியில் பிழைத்துப் பெருகலாம். குரோமோசோம் வரை தாவ வேண்டிய அவசியமே இல்லை.


#7 நுண்ணோக்கி

கணக்குப்புலி, அன்றைக்கு இருந்த எதிர்வாதம் அச்சு அசலாக இதேதான்.

அதற்குப் பதில் குலம் பிரித்து வளர்ப்பது. எக்ஸ்.சி. செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரு செல்லிலிருந்து ஒரு குலம் என்று தனித்தனியே வளர்க்க வேண்டும். உங்கள் கணக்குப்படி பத்து செல்லில் மட்டும் வைரஸ் ஒட்டியிருந்தால் கிட்டத்தட்ட எல்லாக் குலங்களும் வெறுமையாக இருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். தனிச் செல்லில் பிறந்த குலங்களும் கோழியில் வைரஸைக் கொடுத்தன. ஒட்டிக்கொண்டிருக்கும் துகள் இத்தனை தலைமுறைப் பிரிவில் நீர்த்துப்போயிருக்கும். உள்ளே எழுதப்பட்டிருப்பது நீர்த்துப்போகாது.

1960-களின் பிற்பகுதியில் இன்னும் நேர்த்தியாக ஒன்று செய்தார்கள். கோழியே தேவையில்லை. எக்ஸ்.சி. செல்லையும் கோழிக் கருவின் நார்ச்செல்லையும் ஒரே தட்டில் விட்டு, செயலிழக்கச் செய்த செண்டாய் வைரஸைச் சேர்ப்பார்கள். அது செல் சவ்வுகளை ஒட்டவைக்கும் பசை. எலி செல்லின் உட்கருவும் கோழி செல்லின் உட்கருவும் ஒரே பைக்குள் வந்துவிடும். உடனே ரவுஸ் வைரஸ் வெளியேறத் தொடங்கும். கோழி செல்லிடம் இருக்கும் ஏதோ ஒன்று எலி செல்லிடம் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நான் செய்தபோது மூன்றாம் நாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். தட்டையாக நீண்டு படிந்திருந்த கோழி நார்ச்செல்களுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் செல்கள் உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நுண்ணோக்கி வெளிச்சத்தில் கண்ணாடி மணிபோல் மின்னின. பாடநூல் படத்தில் பார்த்ததுதான். ஆனால் என் தட்டில், நான் வைத்த இடத்தில் வந்ததும் பக்கத்து மேசைக்காரரை இழுத்து வந்து காட்டினேன். அவர் "சரி, இதற்கென்ன" என்று போய்விட்டார்.


#8 கணக்குப்புலி

குலம் பிரித்த வாதம் போதும், ஏற்றுக்கொண்டேன். அழகு.


#9 தேடல்தீரா

நன்றி மேடம். இரண்டாவது கேள்வி தீர்ந்தது. முதலாவது பாக்கி. குறிப்பு உள்ளே இருக்கிறது, சரி. அதைப் படித்து வைரஸ் செய்ய எலி செல்லால் ஏன் முடியவில்லை? முடியாத செல்லுக்குக் கட்டி மட்டும் எப்படி முடிகிறது?


#10 நுண்ணோக்கி

முட்டுக்கட்டை ஒன்றல்ல, மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது வாசல். ரவுஸ் வைரஸின் குடும்பமான பறவை லுகோசிஸ் (கோழி ரத்தப்புற்று)-சார்க்கோமா வைரஸ்களில் ஏ, பி, சி, டி என்று உட்குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் கோழி செல்லின் மேல் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை (செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை) பிடித்துத்தான் நுழையும். எலி செல்லில் அதற்குச் சரியான ஏற்பி இல்லை. அதனால்தான் எந்த வகை வைரஸைப் பயன்படுத்துகிறோம் என்பது இங்கே பெரிய விஷயம். ஷ்மிட்-ரூப்பின், கார்-ஸில்பர், பிராக், பி77 ஆகிய வகைகளில் சி, டி உட்குழுவைச் சேர்ந்தவை பாலூட்டி செல்லுக்குள் அரைகுறையாகவாவது நுழைந்துவிடும். உட்குழு ஏ கதவருகேயே நின்றுவிடும். இதை மனத்தில் வையுங்கள், பின்னால் வேறு ஒருவர் இதை வைத்து விளையாடப் போகிறார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் இடம். வைரஸுக்குப் புதுத் துகள் செய்ய வெட்டப்படாத முழு நீள ஆர்.என்.ஏ. வேண்டும். கோழி செல் பெரும்பகுதியை வெட்டாமல் வெளியே அனுப்பும். பாலூட்டி செல் அளவுக்கு மீறி வெட்டிவிடும். மூன்றாவது, துகளைக் கட்டும் இடம். உறைப் புரதமும் உள் புரதமும் சரியாகத் தயாராவதில்லை.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். கட்டிக்குக் காரணமான மரபணு இந்த வெட்டப்பட்ட ஆர்.என்.ஏ.விலிருந்துதான் புரதமாகிறது! வைரஸ் பெருகுவதைக் கெடுக்கும் அதே வெட்டு, கட்டி மரபணுவுக்கு இடைஞ்சலே இல்லை. வைரஸுக்கு எலி முட்டுச்சந்து. அந்த ஒரு மரபணுவுக்கு மட்டும் நெடுஞ்சாலை.


#11 பழையகூண்டு

அந்த மரபணுவின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் மேடம். எஸ்.ஆர்.சி. என்று எழுதி "சார்க்" என்று வாசிப்பார்கள். நேர்முகத் தேர்வில் எழுத்தெழுத்தாக வாசித்து அசடு வழிந்தவர்களில் அடியேனும் ஒருவன்.

அது வைரஸின் சொந்தச் சொத்தும் இல்லை. 1976-ல் ஸ்டெஹலின், வார்மஸ், பிஷப், வோக்ட் நால்வரும் நோயில்லாத சாதாரணக் கோழியின் டி.என்.ஏ.விலேயே அது இருப்பதைக் காட்டினார்கள். வைரஸ் எப்போதோ கோழியிடம் திருடியது. திருடும்போது வால் அறுந்துவிட்டது. அந்த வாலில் 527-வது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கும். அதுதான் பிரேக். பிரேக் இல்லாத நொதி ஓயாமல் மற்றப் புரதங்களின் டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் அந்தச் சமிக்ஞை முறை கோழிக்கும் எலிக்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் எலி செல்லும் அதற்கு ஆடுகிறது. பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989 நோபல்.

அந்தப் புரதத்தை முதலில் பிடித்த கதையிலும் நம் கொறித்துண்ணிகளுக்குப் பங்குண்டு. 1977-ல் புரூஜ், எரிக்சன் இருவரும் ஷ்மிட்-ரூப்பின் வைரஸை ஏற்றிக் கட்டி வந்த முயல்களின் சீரத்தை எடுத்துத்தான் 60,000 டால்டன் எடையுள்ள அந்தப் புரதத்தை வெளியே இழுத்தார்கள்.


#12 வால்நறுக்கி

முயல் கொறித்துண்ணி இல்லை ஐயா. தனி வரிசை. மேல்தாடையில் வெட்டும் பற்கள் இரண்டு ஜோடி, ஒன்றன் பின் ஒன்றாக.


#13 பழையகூண்டு

அடடா, சரிதான். முப்பது வருடம் முயல் கூண்டைக் கழுவிய கையால் இப்படி எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன், பதிவை அழிக்கவில்லை. பாவமன்னிப்பாக உண்மையான கொறித்துண்ணி உதாரணம் ஒன்று. கோழிக் கூட்டத்தில் லுகோசிஸ் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க 1964-ல் ஒரு சோதனை வந்தது, பெயர் கோஃபால். அதற்கான எதிர்ப்பொருள் கிடைத்தது ரவுஸ் கட்டி வந்த ஹாம்ஸ்டரின் சீரத்திலிருந்து. ஹாம்ஸ்டரின் கட்டியில் வைரஸ் துகள் வராது, ஆனால் வைரஸ் புரதம் கொஞ்சம் வரும், ஹாம்ஸ்டர் அதற்கு எதிர்ப்பொருள் செய்யும். கோழிப் புரதக் கலப்படம் இல்லாத சுத்தமான கருவி.

எக்ஸ்.சி. கட்டியும் சும்மா இருக்கவில்லை. சுண்டெலி லுகேமியா வைரஸை எண்ணுவதற்கு 1970-ல் வந்த முறையில் எக்ஸ்.சி. செல்தான் நடுவர். வைரஸ் உமிழும் செல்லுக்குப் பக்கத்தில் எக்ஸ்.சி.யை விட்டால் செல்கள் ஒட்டிப் பெரும் பையாகும், ஓட்டையை எண்ணிக்கொள்ளலாம். கோழி வைரஸ் உண்டாக்கிய எலிக் கட்டி, சுண்டெலி வைரஸை எண்ணுகிறது. மூன்று மிருகமும் ஒரே தட்டில்.


#14 வால்நறுக்கி

முயல் திருத்தத்தோடு போனால் மரியாதையில்லை, என் பங்குக்கும் ஒன்று. நுண்ணோக்கி மேடம் சொன்ன அந்த "வேறு ஒருவர்" நான்தான் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்தது மூளைக்கட்டி ஆய்வகம். அங்கே கோழி வைரஸைச் சுண்டெலிக்கு வேண்டுமென்றே பயன்படுத்துவோம். உட்குழு ஏ வைரஸ் பிடிக்கும் கோழி ஏற்பியின் பெயர் டி.வி.ஏ. அதன் மரபணுவை 1993-ல் பேட்ஸ், யங், வார்மஸ் பிரித்தெடுத்தார்கள். அதைச் சுண்டெலிக்குள் வைத்து, மூளையின் முன்னோடிச் செல்களில் மட்டும் வெளிப்படும்படி செய்தால் என்ன ஆகும்? எலி முழுக்கப் பூட்டிய வீடு, அந்தச் செல்லில் மட்டும் ஒரு கோழிக் கதவு. ரவுஸ் வைரஸிலிருந்து சார்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்த வைரஸுக்கு ஆர்.சி.ஏ.எஸ். என்று பெயர். அது அந்தக் கதவு வழியாக மட்டும் போகும். எரிக் ஹாலண்டும் வார்மஸும் 1990-களின் கடைசியில் தொடங்கியது. 2000-ல் ராஸ், ஆக்ட் என்ற இரண்டு புற்று மரபணுக்களையும் சேர்த்து ஏற்றிக் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப்புற்றை வரவைத்தார்கள். தனித்தனியே ஏற்றினால் வரவில்லை, சேர்ந்தால் வந்தது.

மேடம் சொன்ன முட்டுச்சந்து இங்கே வரமாகிறது. வைரஸ் எலிக்குள் பெருகாது, ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குத் தாவாது. கட்டி எந்தச் செல்லில் தொடங்கியது என்பது அதனால் கலங்காமல் இருக்கும். உறைப் புரதம் உருப்படியாகச் செய்யப்படாததால் ஏற்பியும் அடைபடாது. அதே செல்லுக்குள் இரண்டாவது வைரஸ், மூன்றாவது வைரஸ் என்று வேறு வேறு மரபணுக்களை ஏற்றலாம். கோழி செல்லில் இது நடக்காது, முதலில் நுழைந்தவன் கதவை அடைத்துவிடுவான்.

வேலை நடக்கும் விதம் இப்படி. வைரஸைக் கோழி நார்ச்செல்லில் வளர்ப்போம், டி.எஃப்.1 என்று ஒரு வகை. மற்றச் செல்லெல்லாம் 37 டிகிரியில் இருக்கும்போது இதற்கு மட்டும் 39. இதற்கென்று தனி இன்குபேட்டர், கதவில் "யாரும் தொடாதே" என்று எழுதி ஒட்டியிருக்கும். பிறந்த ஒரு நாள் குட்டி, உங்கள் சுண்டுவிரலின் பாதி நீளம், ரோஜா நிறம். தோல் வழியாக வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரியும். தாய் பால் கொடுத்திருக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். பால் தெரியாத குட்டியைத் தொட மாட்டோம். கையுறையைக் கூண்டின் படுக்கைத் தூளில் தேய்த்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேற்று வாசனைக்குத் தாய் குட்டியை ஒதுக்கிவிடுவாள். மெல்லிய ஊசியில் வைரஸ் உமிழும் டி.எஃப்.1 செல்களை மூளைக்குள் ஒரு சொட்டுக்கும் குறைவாக இறக்குவோம். கோழி செல்கள் சில நாளில் செத்துவிடும். அதற்குள் வைரஸைக் கொடுத்துவிடும். வாரங்கள் கழித்துச் சிலவற்றுக்கு உச்சந்தலை மேடாக எழும்பும், மூளைநீர் தேங்குவதால். நடை மந்தமாகும். அந்த நிலை வந்ததும் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் தவறினால் நெறிமுறைக் குழு உரித்துவிடும், உரிக்கவும் வேண்டும்.

ஒரு தடவை எனக்கு ஒரு கூண்டு முழுக்கக் கட்டியே வரவில்லை. ஒன்பது குட்டி. வைரஸ் கெட்டுவிட்டதென்று நினைத்துப் புது வைரஸ் வளர்த்தேன், ஊசியை மாற்றினேன், மூன்று வாரம் வீண். கடைசியில் வால் நுனித் துண்டுகளை மறுபடி பி.சி.ஆர். போட்டுப் பார்த்தால் ஒன்பதுக்கும் டி.வி.ஏ. இல்லை. பக்கத்துக் கூண்டின் அட்டை மாறி மாட்டப்பட்டிருந்தது. அன்றைக்கு ஆய்வகத்தில் வாங்கிய திட்டு தனி. ஆனால் கோழிக் கதவு இல்லாவிட்டால் கட்டி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல கட்டுப்பாட்டுச் சோதனையை நான் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.


#15 மின்னல்வேகன்

இவ்வளவும் ரவுஸ் குடும்பம்தானே. வேறு பறவை வைரஸ் எதுவும் எலியில் கட்டி உண்டாக்காதா?


#16 பழையகூண்டு

உண்டு. செலோ என்று ஒரு கோழி அடினோவைரஸ். கோழிக் கருவைக் கொல்லும், ஆனால் எந்த நோய்க்குக் காரணம் என்று தெரியாததால் "அநாதை" என்று பெயரில் சேர்த்தார்கள். 1965-ல் சர்மா, ஹியூப்னர், லேன் மூவரும் அதைப் பிறந்த ஹாம்ஸ்டர்களுக்கு ஏற்றினார்கள். மாதங்கள் கழித்து ஊசி போட்ட இடத்தில் நார்ச்சார்க்கோமா வந்தது.

அப்போது இது ஆச்சரியமான செய்தி இல்லை. மனித அடினோவைரஸ் 12 ஹாம்ஸ்டரில் கட்டி உண்டாக்குகிறது என்று 1962-லேயே டிரென்டின் குழு காட்டியிருந்தது. பிறகு மரபணு வரிசையைப் படித்தபோதுதான் ஆச்சரியம். மனித அடினோவைரஸ் கட்டி உண்டாக்குவது ஈ1ஏ, ஈ1பி மரபணுக்களால். 1996-ல் செலோவின் முழு வரிசை வந்தது, கிட்டத்தட்ட 43,800 எழுத்து. அதில் இந்த இரண்டும் இல்லவே இல்லை! வேறு மரபணுக்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. காம்1 என்ற புரதம் செல் தற்கொலை செய்துகொள்வதைத் தடுக்கிறது. அதுவும் இன்னொரு புரதமும் சேர்ந்து, செல் பிரிவதற்குப் பிரேக்காக இருக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா புரதத்தின் கட்டுப்பாட்டுப் பாதையைக் குலைக்கின்றன. பூட்டு ஒன்று, சாவி வேறு.

ஆர்.என்.ஏ. வைரஸ் ஒன்று, டி.என்.ஏ. வைரஸ் ஒன்று. இரண்டிலும் பொதுவானது: அந்நிய விருந்தோம்பியில் வைரஸ் முழுச் சுற்றை முடிக்க முடியாமல் பாதியில் நிற்கிறது. சொந்த விருந்தோம்பியில் அடினோவைரஸ் பெருகி செல்லை உடைத்துக் கொன்றுவிடும். செத்த செல் கட்டியாகாது.


#17 வால்நறுக்கி

ஒரு சின்னக் குறுக்கீடு. தமிழில் சிலர் ஹாம்ஸ்டரை "வெள்ளெலி" என்று எழுதுகிறார்கள், சிலர் ஆய்வக வெள்ளை எலியையே அப்படிச் சொல்கிறார்கள். பழைய கட்டுரைகளைத் தமிழில் படிக்கும்போது எந்த மிருகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலோ விஷயத்தில் ஹாம்ஸ்டரா எலியா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.


#18 அம்மாச்சி_72

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் பேரன் கோழிக்கருவில் வளர்த்த தடுப்பூசி போட்டுக்கொண்டான். இந்தக் கோழி வைரஸெல்லாம் மனுஷனுக்கும் கட்டி உண்டாக்குமா? படிக்கப் படிக்கப் பயமாயிருக்கிறது.


#19 நுண்ணோக்கி

பயப்படாதீர்கள் அம்மா. இந்தக் கேள்வியை விஞ்ஞானிகளும் பயந்துதான் கேட்டார்கள்.

இங்கே சொன்ன கட்டிகள் பெரும்பாலும் புதிதாகப் பிறந்த குட்டிக்கு, எதிர்ப்பு சக்தி உருவாகும் முன்பே, செறிவான வைரஸையோ கட்டிச் சாற்றையோ நேராக உடம்புக்குள் ஏற்றியதால் வந்தவை. வளர்ந்த எலிக்கு அதையே போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது.

தடுப்பூசி விஷயத்தில் நேரடியான ஒரு ஆய்வே இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கோழிக்கருவில் தயாரித்தார்கள். அந்தக் கருக்களில் லுகோசிஸ் வைரஸ் இருந்தது பிற்பாடு தெரிந்தது. தடுப்பூசி போட்ட அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1972-ல் முடிவு வந்தது: புற்றுநோய் கூடவில்லை. அதற்குப் பிறகு தடுப்பூசிக்கு லுகோசிஸ் இல்லாத கோழிக் கூட்டத்து முட்டைகளை எடுக்கும் வழக்கம் வந்தது. லுகோசிஸ் வைரஸுக்குச் சார்க் மரபணுவும் கிடையாது.

கோழிகளில் மாரெக் நோய் என்று ஒரு ஹெர்பிஸ் வைரஸ் கட்டி உண்டாக்கும். அது பாலூட்டியில் பற்றுவதே இல்லை. அதற்கு 1970 வாக்கில் வந்த தடுப்பூசி, புற்றுக்கட்டியைத் தடுத்த முதல் தடுப்பூசிகளில் ஒன்று. அதுவும் ஒரு பறவை வைரஸ்தான், வான்கோழியினுடையது.


#20 அம்மாச்சி_72

ரொம்ப நன்றிம்மா. நல்லாயிரு.


#21 கணக்குப்புலி

எல்லாம் பறவையிலிருந்து எலிக்கு என்றே போகிறதே, எதிர்த்திசையில் ஏதாவது உண்டா?


#22 நுண்ணோக்கி

உண்டு. பறவைகளில் ரெட்டிகுலோ எண்டோதீலியோசிஸ் வைரஸ் என்று கட்டி உண்டாக்கும் ஒன்று இருக்கிறது. 2013-ல் வந்த பரிணாம ஆய்வு ஒன்று அது உண்மையில் பாலூட்டி வைரஸ் என்கிறது. 1930-களில் பறவை மலேரியா ஆராய்ச்சி நடந்தபோது ஆய்வகக் கைகள் வழியாகவே பறவைக்குள் போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். நாம்தான் கொண்டுபோய் விட்டோம் போலிருக்கிறது.


#23 நெறியாளர்

இழை நல்லபடியாகப் போகிறது. மலேரியா பக்கம் போக விரும்புகிறவர்கள் புது இழை தொடங்குங்கள்.


#24 தேடல்தீரா

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். குறிப்பு எலியின் டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது என்றால், உயிருள்ள எக்ஸ்.சி. செல் எதற்கு? செல்லை உடைத்து டி.என்.ஏ.வை மட்டும் எடுத்துக் கோழி செல்லுக்குக் கொடுத்தால் போதாதா?


#25 நுண்ணோக்கி

கொடுத்தார்கள். 1972-ல், ஹில், ஹில்லோவா என்ற இருவர். எக்ஸ்.சி. செல்லின் டி.என்.ஏ.வைப் பிரித்து, கோழி நார்ச்செல்கள் இருந்த தட்டில் விட்டார்கள். வைரஸ் இல்லை, எலி செல் இல்லை, டி.என்.ஏ. மட்டும். தட்டில் ரவுஸ் சார்க்கோமா வைரஸ் வந்தது.


#26 தேடல்தீரா

அப்போது தலைப்பில் நான் போட்ட "காணோம்" தப்பு. நெறியாளர் ஐயா, மாற்ற முடியுமா?


#27 நெறியாளர்

பதில் வந்தபின் தலைப்பை மாற்ற முடியாது. இருக்கட்டும், தேடி வருகிறவர்கள் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுவார்கள்.